ஒரிஜினல் என்று சொல்லி விற்காதீர்கள்

யாழ். குடாநாட்டில் பழைய ஒஸ்ரினும் மொறிசும் வைத்திருக்கும் ஐயாமார், அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும், தகப்பனின் காரை வெட்டி ஒட்டிப் புது உருவம் கொடுத்து ஓட்டும் தம்பிமாருக்கும் மயிலிட்டியிலிருந்து எழுதுகிறேன்.

விற்க நினைக்கிறவர்கள் விற்கலாம். கார் உங்களுடையது, கடனும் உங்களுடையது. பிள்ளையின் படிப்பு, திரும்பக் கட்டும் வீட்டின் கூரை, படகுக்கு ஒரு என்ஜின் என்று காசு தேவைப்படும்போது முற்றத்தில் நிற்கும் காரை விலை பேசுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. என்ன சொல்லி விற்கிறோம் என்பது பற்றித்தான் இந்த மடல்.

என்னைப் பற்றி இரண்டு வரி. மயிலிட்டியில் பிறந்தவன். 1990 யூனில் போரால் ஊர் எழும்பியபோது எங்கள் வீடும் எழும்பியது. போன இடங்களில் கறாஜ் வேலை பழகினேன். இராணுவத்திடமிருந்து காணி விடுபட்ட பிறகு திரும்பி வந்து சின்னதாக ஒரு கறாஜ் போட்டிருக்கிறேன். 1950ஆம் ஆண்டு ஒஸ்ரின் ஏ 40 டெவன் ஒன்றை, வெளிநாட்டில் ஸ்ட்ரீட் ரொட் என்று சொல்வார்களே, பழைய உடலுக்குள் புதிய என்ஜின் வைக்கும் அந்த முறையில் கட்டி முடித்து விற்பனைக்கு விட்டிருக்கிறேன். ஆகவே இங்கே எழுதுகிற எல்லாவற்றுக்கும் முதலில் கட்டுப்பட வேண்டியவன் நான்.

கார் பார்க்க வருகிற ஆள் பொனற்றைத் தூக்க முன்னரே கேட்பது ஒரே கேள்வி: “ஒரிஜினலோ?” கொழும்பிலிருந்து வரும் சேகரிப்பாளரும் அதையே கேட்கிறார், கலியாணத்துக்கு வாடகைக்கு விட நினைப்பவரும் அதையே கேட்கிறார், கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்து தகப்பன் ஓட்டிய மாதிரியே ஒன்று தேடுகிற உறவுக்காரரும் அதையே கேட்கிறார். நாங்கள் வாய் திறக்க முன்னர் தரகர் முந்திக்கொள்கிறார்: “நூறு வீதம் ஒரிஜினல், ஐயா.” அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல எங்களுக்கும் நா எழுவதில்லை.

இந்தப் பொய்யைக் காப்பாற்றுவதற்காகச் சிலர் நன்றாக ஓடுகிற யப்பான் என்ஜினைக் கழற்றிவிட்டு, எங்கோ கொல்லைப்புறத்தில் இறுகிக் கிடந்த ஒஸ்ரின் என்ஜினைக் கொண்டுவந்து பூட்டுகிறார்கள். சண்டைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓட்டுவதற்கென்று பொருத்திய சின்னத் தாங்கியைப் பிடுங்கி எறிகிறார்கள். சண்டைக் காலத்து ஒட்டுகளுக்கு மேல் பற்றிப் பசை பூசி, தேய்த்து, மினுக்கி மறைக்கிறார்கள். வாங்கியவர் வவுனியா தாண்ட முன்னர் கார் நிற்கிறது. யாழ்ப்பாணத்துக் கார் என்றாலே ஏமாற்று என்ற பேச்சு அங்கிருந்துதான் கிளம்புகிறது.

எங்கள் மண்ணில் ஒரு பழைய கார் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருந்தால், அது ஓடாமல் கிடந்த கார். ஓடிய கார் எல்லாம் மாறிய கார்தான். ஏன் மாறியது என்பதில் எங்கள் சரித்திரம் கிடக்கிறது. அதை மறைத்துவிட்டு வெறும் தகரத்தை விற்பது காரின் பெறுமதியில் பாதியை நாங்களே அழிப்பது.

இந்தக் கார்கள் இங்கே இவ்வளவு காலம் மிஞ்சியதற்குக் காரணம் எங்கள் பழம்பொருள் ஆசையல்ல. இரண்டாம் உலகப் போரில் கடன்பட்டுப் போயிருந்த பிரித்தானியா, வெளிநாட்டுக்கு அனுப்பும் கொம்பனிகளுக்கே முதலில் உருக்கு என்று ஒரு கொள்கை வைத்தது. அதனால் லோங்பிறிட்ஜில் செய்த ஒஸ்ரினும் கௌலியில் செய்த மொறிசும் உலகெங்கும் கப்பலேறின. இலங்கைக்கும் வந்தன. யாழ்ப்பாணத்தில் டொக்டர்மார், அப்புக்காத்துமார், மலாயாவில் உழைத்து ஓய்வூதியத்தோடு திரும்பியவர்கள், சுருட்டு முதலாளிமார் வாங்கினார்கள். 1947இல் வெளிவந்த டெவன், 1952இல் அதன் இடத்துக்கு வந்த சமர்செற், 1954இல் வந்த கேம்பிறிட்ஜ், அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் ஆகியவைதான் எங்கள் வீதிகளை ஆண்டன. அவற்றின் இலக்கத் தகடுகளிலேயே காலம் தெரியும். இ.என்., இ.எல். என்று ஆங்கில எழுத்தில் இருந்தால் ஐம்பதுகளின் முற்பகுதி. அதன் பின் வந்தது சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து. 1958இல் தமிழரசுக் கட்சி தார் பூசிப் போராடியது அந்த எழுத்துக்கு எதிராகத்தான்.

அறுபதுகளின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி தட்டுப்பாடானது. கார் இறக்குமதி சுருங்கியது. எழுபதுகளில் மூடிய பொருளாதாரம். இருந்த காரைத் திருத்தி ஓட்டுவதைத் தவிர நாட்டில் எவருக்கும் வழியில்லை. 1977இல் கதவு திறந்ததும் யப்பான் கார்கள் வந்து இறங்கின, தெற்கில் பழைய கார்கள் ஒதுங்கத் தொடங்கின. வடக்கிலும் அதுவே நடந்திருக்கும். ஆனால் 1983இல் போர் வந்தது, பிறகு 1990 வந்தது. வடக்கின் மேல் பொருளாதாரத் தடை விழுந்தது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. மண்ணெண்ணெய் மட்டும் ஏதோ ஒரு அளவில், ஏதோ ஒரு விலையில் கிடைத்தது.

அப்போது புது யப்பான் கார் படுத்துவிட்டது, கிழட்டு ஒஸ்ரின் எழும்பி ஓடியது. இதில் மாயம் எதுவுமில்லை. ஒஸ்ரின் ஏ 40இன் 1200 சிசி என்ஜினில் அழுத்த விகிதம் குறைவு, ஏறத்தாழ ஏழுக்கு ஒன்று. அதிக அழுத்தமுள்ள என்ஜினுக்குள் மண்ணெண்ணெயை விட்டால் தட்டும், உடையும். குறைந்த அழுத்தமுள்ளது பொறுத்துக்கொள்ளும். ஆனால் குளிர்ந்திருக்கும் என்ஜினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே சேலைன் போத்தலிலோ சின்னத் தாங்கியிலோ கொஞ்சம் பெற்றோல் வைத்து, அதிலே ஸ்ராட் பண்ணி, என்ஜின் நன்றாகச் சூடானதும் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பெற்றோல் அறவே இல்லாதவர்கள் ஊசியால் சில துளியைக் கபிறேற்றருக்குள் பீச்சி எழுப்புவார்கள். நிற்பாட்ட முன்னர் மறுபடி பெற்றோலுக்குத் திருப்பிக் கபிறேற்றரைக் கழுவி விடுவார்கள். இல்லாவிட்டால் மறுநாள் காலை தள்ளத்தான் வேண்டும். தட்டாமல் ஓட இக்னிஷன் நேரத்தையும் கொஞ்சம் பின்னால் இழுத்து வைப்பார்கள். மயிலிட்டியில் படகு ஓட்டிய எவருக்கும் இது புதிய வித்தையல்ல. மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு என்ஜினையும் பெற்றோலில்தான் எழுப்புகிறோம்.

அந்த ஓட்டம் காருக்குள் தடயம் விட்டிருக்கிறது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் றிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி என்ஜின் ஒயிலோடு கலக்கும். ஒயில் தண்ணீராகும், பெயாறிங் தேயும். சிலிண்டரைத் திரும்பத் திரும்பத் துளைத்துப் பெரிதாக்கிய என்ஜின்கள், உள்ளூர் லேத்தில் கடைந்த புஷ்கள், வேறு வாகனத்தின் பிஸ்டன்கள் எல்லாம் இங்கே உண்டு. எங்கள் கார்களின் என்ஜின்களைக் கழற்றினால் தொண்ணூறுகளை வாசிக்கலாம்.

மயிலிட்டிக்காரருக்கு இதில் இன்னொரு கதையும் இருக்கிறது. 1990இல் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது ஸ்ராட் ஆன கார் வந்தது, ஆகாதது நின்றது. நின்றதெல்லாம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. துறைமுகத்தோடு 54 ஏக்கர் 2017 யூலையில் விடுபட்டபோது இருபத்தேழு வருடம் கடந்திருந்தது. வீடுகளே இல்லாத இடத்தில் காரை யார் தேடுவது? ஆகவே இன்றைக்கு ஒரு மயிலிட்டிக் குடும்பத்திடம் பழைய கார் இருக்கிறது என்றால், அது இடம்பெயர்ந்த ஒவ்வொரு ஊருக்கும் அந்தக் குடும்பத்தோடு போய், கூரையில் மெத்தையும் பின் சீற்றில் ஆச்சியும் ஏற்றிக்கொண்டு தப்பிய கார். அதற்கும் ஒரு பெறுமதி இருக்கிறது. விலை பேசும்போது அதை ஏன் ஒளிக்கிறோம்?

சண்டைக்கு முன்னரே வெட்டி ஒட்டிக் கட்டுகிற வேலை எங்களுக்குத் தெரியும். கொடிகாமம் பருத்தித்துறை வீதியில் ஓடிய தட்டிவானை நினைத்துப் பாருங்கள். முன்னால் பழைய வெளிநாட்டு லொறியின் மூக்கு. பின்னால் எங்கள் தச்சர்மார் அடித்த மர உடல். அதன் பின்னால் சங்கிலியில் தொங்கும் தட்டி, அதிலே மரக்கறி மூட்டை, சைக்கிள், இடம் கிடைக்காத மனிதர். கட்டிய தச்சருக்கும் கொல்லருக்கும் எந்தக் கொம்பனியும் வரைபடம் கொடுக்கவில்லை. பாதைக்கும் சுமைக்கும் ஏற்றபடி கட்டினார்கள். தட்டிவானைப் பார்த்து “ஒரிஜினலோ?” என்று கேட்டவர் எவருமில்லை.

2002இல் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ 9 வீதி திறந்தபோது யப்பான் உதிரிப்பாகங்கள் தாராளமாக வந்தன. 2006இல் பாதை மூடி, 2009க்குப் பிறகு மறுபடி திறந்தது. அப்போதுதான் பழைய கார்களுக்குள் யப்பான் என்ஜின்கள் ஏறின. தகப்பன்மார் சிக்கனத்துக்காக டீசல் என்ஜின் போட்டார்கள். இப்போது மகன்மார் ஆசைக்காகக் கட்டுகிறார்கள்: தாழ்த்திய உடல், அகன்ற ரயர், முன்னால் டிஸ்க் பிறேக், ஐந்து கியர். கண்ணுக்கு 1950, காலுக்குக் கீழே 1990.

அமெரிக்காவில் இதையே ஒரு கலையாக வளர்த்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய இளைஞர்கள் தென் கலிபோர்னியாவில் 1932ஆம் ஆண்டு போர்ட் போன்ற மலிவான பழைய கார்களைக் கழற்றி, பாரம் குறைத்து, வேகம் கூட்டினார்கள். காய்ந்த ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். அந்த வேகப் பைத்தியம் தணிந்து, பழைய உடலும் புதிய என்ஜினுமாகக் குடும்பத்தோடு பயணம் போகும் வழக்கம் வந்தது. 1970இல் தேசிய ஸ்ட்ரீட் ரொட் சங்கம் உருவானது. 1948 வரையான கார்களே ஸ்ட்ரீட் ரொட் என்று நெடுங்காலம் அவர்கள் கோடு கிழித்து வைத்திருந்தார்கள். 1947இல் வெளிவந்த எங்கள் டெவனின் முதல் வண்டிகள் அந்தக் கோட்டுக்கு உள்ளே வரும், சமர்செற் வெளியே நிற்கும். என்னுடைய 1950ஆம் ஆண்டுக் காரும் வெளியேதான். உருவம் ஒன்று, வருடம் வேறு. வாங்க வருகிறவரிடம் அதையும் சொல்லிவிடுகிறேன்.

கியூபாவின் கதை எங்களுக்கு இன்னும் நெருக்கம். 1959 புரட்சிக்குப் பின் அமெரிக்கத் தடை விழுந்தது. ஐம்பதுகளின் செவர்லேக்களும் பியூக்குகளும் உதிரிப்பாகம் இல்லாமல் நின்றன. சோவியத் லாடா, வொல்கா உறுப்புகளையும் கிடைத்த டீசல் என்ஜின்களையும் போட்டு ஓட்டினார்கள். இன்றைக்கும் ஹவானாவில் அவை வாடகைக்கு ஓடுகின்றன. உலகம் முழுக்கப் போய் அவற்றைப் படம் எடுக்கிறது. உள்ளே வேறு என்ஜின் இருக்கிறது என்பதை அங்கே எவரும் ஒளிப்பதில்லை. அதைத்தான் முதலில் சொல்லிக் காட்டுகிறார்கள்.

ஒரிஜினல் என்பதில் பிடிவாதமாக இருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. மொறிஸ் மைனருக்கான பொடித் தகடுகளைச் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பும் தொழில் ஒன்று 1991இல் தென்னிலங்கையில் தொடங்கியது. இங்கிலாந்தில் மினுக்கி வைத்திருக்கும் மைனர்களில் எத்தனையோ, எங்கள் தீவின் ரிங்கர்மார் அடித்த தகட்டைப் போர்த்திக்கொண்டு நிற்கின்றன. அதனால் அவற்றின் மதிப்புக் குறையவில்லை. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு ஃபிவா, தூரின் பட்டயம் என்றொரு நெறி வைத்திருக்கிறது. ஒரு வாகனம் பாவனையில் இருந்த காலத்தில் அதற்கு நேர்ந்த மாற்றங்களும் அதன் சரித்திரமே, எல்லாவற்றையும் துடைத்துத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோவதுதான் ஒரே வழி என்றில்லை என்பது அதன் போக்கு. ஆகவே மண்ணெண்ணெய்க் காலத்துச் சின்னத் தாங்கியைக் கழற்றாதீர்கள். பாவிக்காவிட்டாலும் இருந்த இடத்தில் இருக்கட்டும்.

இனி விற்பனைக்கு வருவோம். நான் என்னுடைய டெவனோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். பார்க்க வருகிற எவரிடமும் சாவியைக் கொடுக்க முன்னர் அந்தத் தாளைக் கொடுக்கிறேன். அதில் இருப்பவை இவை.

செசி ஒஸ்ரினுடையது. இரண்டு இடத்தில் வெட்டிப் பலப்படுத்தியிருக்கிறேன், இடங்கள் படத்தில் குறித்திருக்கின்றன. என்ஜின் ரொயோற்றா லைற்ஏஸ் வானிலிருந்து எடுத்த 5கே, 1486 சிசி, பெற்றோல். கியர்பொக்ஸ் அதே வானுடையது. ஒஸ்ரினின் பழைய 1200 சிசி என்ஜின் ஓடாத நிலையில் பெட்டியில் இருக்கிறது, காரோடு சேர்த்துக் கொடுக்கப்படும். டெவனின் தொழிற்சாலைப் பிறேக் முன்னால் ஒயிலிலும் பின்னால் கம்பியிலும் இயங்கும் கலப்பு முறை. அதை முழுவதும் எடுத்துவிட்டு, முன்னால் டிஸ்க்கும் பின்னால் ட்ரமுமாக ஒயில் பிறேக் போட்டிருக்கிறேன். பழைய ஆங்கிலக் கார்களில் பற்றரியின் பொசிற்றிவ் முனைதான் பொடியோடு இணையும். அல்ரனேற்றர் போட்டதால் அதை நெகற்றிவுக்கு மாற்றியிருக்கிறேன். இதைத் தெரியாமல் யாராவது பற்றரியை மாறிப் பூட்டினால் வயறிங் எரியும். இடது பக்க முன் மட்காட் வேறொரு டெவனிலிருந்து எடுத்தது. தளத் தகடு புதியது. கதவுக்குக் கீழே உப்புக் காற்று அரித்த இடங்களில் பற்றி இல்லை, தகட்டு ஒட்டு.

இப்படி ஒரு தாள் எழுத உங்களில் எவருக்கும் கஷ்டம் இராது. ஆனால் காருக்குக் கார் கவனிக்க வேண்டியது வேறு. டெவன், சமர்செற் போன்றவற்றுக்குத் தனிச் செசி உண்டு, பாரமான என்ஜினைக் கொஞ்சம் தாங்கும். கேம்பிறிட்ஜுக்கும் மொறிஸ் மைனருக்கும் தனிச் செசி இல்லை. உடலேதான் சட்டகம். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி உக்கியிருக்கும்போது முன்னால் பாரமான டீசல் என்ஜினை ஏற்றினால் நடு முறியும். கதவு சரியாகச் சாத்துப்படாததுதான் முதல் அறிகுறி. மயிலிட்டி, காங்கேசன்துறை, பலாலிப் பக்கம் கடற்கரையில் நின்ற கார் என்றால் இந்த இடத்தை வாங்குகிறவருக்கு நீங்களே குனிந்து காட்டுங்கள். ஒஸ்ரினுக்கு இருந்த பிறேக்கோடு இரண்டு மடங்கு வலுவான என்ஜினைப் போட்டிருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். இங்கே பொய் சொல்வது வியாபாரத் தந்திரமல்ல, ஓர் உயிரோடு விளையாடுவது.

அடுத்தது பத்திரங்கள். பதிவுப் புத்தகத்தில் என்ஜின் இலக்கமும் செசி இலக்கமும் எரிபொருள் வகையும் இருக்கின்றன. எங்கள் கார்களில் பலவற்றில் புத்தகம் ஒன்று சொல்கிறது, பொனற்றுக்குக் கீழே வேறொன்று இருக்கிறது. இடம்பெயர்வில் புத்தகமே தொலைந்த குடும்பங்களும் உண்டு. பிரதி எடுக்கவும் என்ஜின் மாற்றத்தைப் பதியவும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் நடைமுறை இருக்கிறது. அலைச்சல்தான், ஆனாலும் விற்க முன்னர் செய்து முடியுங்கள். பத்திரம் சரியாக இல்லாத காரைத் தரகர் பாதி விலைக்குக் கேட்பதும், அதே காரைப் பத்திரம் சரிசெய்து முழு விலைக்கு விற்பதும் நடக்கிறது. அந்தப் பாதி உங்களுக்கு வரவேண்டிய காசு.

‘ஓப்பன் பேப்பர்’ என்ற பழக்கத்தை விடுங்கள். வாங்குகிறவரின் பெயர் எழுதாமல் கையெழுத்து வைத்துக் கொடுத்தால், அந்தக் கார் கைமாறிக் கைமாறி எங்கே போனாலும் பதிவில் இருப்பது உங்கள் பெயர். நாளை ஒரு விபத்து நடந்தால், ஒரு குற்றத்துக்குப் பாவித்தால் பொலிஸ் தேடி வருவது மயிலிட்டிக்கு. உரிமை மாற்றப் பத்திரத்தில் வாங்குகிறவரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் திகதியும் இருக்கட்டும். ஒரு பிரதி உங்கள் அலுமாரியில் இருக்கட்டும்.

விலை பற்றியும் ஒரு சொல். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. ஐந்து வருடம் கழித்து 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது. இடையில் ஓடுகிற எதற்கும் தங்க விலை. அந்தக் காலத்து விலையை மனதில் வைத்துக்கொண்டு இன்றைக்கும் கேட்டால் கார் முற்றத்திலேயே உக்கும். மாற்றிக் கட்டிய காருக்கு இன்னொரு சட்டமும் இருக்கிறது. கட்டச் செலவான காசும் செலுத்திய உழைப்பும் முழுக்கத் திரும்பி வராது. அமெரிக்காவில் பேர்பெற்ற கைகளுக்கும் இதே அனுபவம்தான். ஏனென்றால் நீங்கள் உங்கள் விருப்பத்துக்குக் கட்டினீர்கள், வாங்குகிறவர் தன் விருப்பத்துக்குத் தேடுகிறார். ஆகவே பற்றுச்சீட்டுகளை வைத்திருங்கள். வேலை நடக்கும்போதே படம் எடுங்கள். பெயின்ற் அடித்த பிறகு எடுத்த படம் அழகு காட்டும். அடிக்க முன்னர் எடுத்த படம்தான் விலை பேசும்.

“உண்மையைச் சொன்னால் விலை விழும்” என்று நீங்கள் சொல்வீர்கள். ஒரிஜினல் தேடுகிறவரிடம் விழும், உண்மைதான். அவர் உங்கள் ஆளல்ல, அவரை விடுங்கள். ஆனால் ஓட்டுவதற்கு வாங்குகிறவர் இருக்கிறார். ஏ 9இல் கொழும்பு வரை நிற்காமல் போய்வர வேண்டும், ஏசி வேண்டும், பிறேக் பிடிக்க வேண்டும், பார்ப்பவர் திரும்பிப் பார்க்கவும் வேண்டும் என்பவர். அவருக்கு நீங்கள் போட்ட யப்பான் என்ஜின் குறையல்ல, காரணம். சரித்திரத்துக்காக வாங்குகிறவரும் இருக்கிறார். அவருக்கு மண்ணெண்ணெய்க் காலத்துச் சின்னத் தாங்கி இருக்கும் கார், இல்லாத காரை விடப் பெரிது. இந்த இரண்டு பேரையும் தேடி விற்பதற்குக் கொஞ்சக் காலம் எடுக்கும். பொய் சொல்லி அடுத்த கிழமையே விற்றால் அதற்கடுத்த கிழமை தொலைபேசியை எடுக்கப் பயப்பட வேண்டிவரும்.

வாங்க வருகிற வெளிநாட்டு உறவுகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களுடைய அப்பா ஓட்டிய காரைத் தேடுகிறீர்கள், விளங்குகிறது. ஆனால் நீங்கள் போன பிறகும் இங்கே கார் ஓடியது. நீங்கள் நினைவில் வைத்திருக்கும் 1975இல் பார்த்த கேம்பிறிட்ஜாக அது உறைந்து நிற்கவில்லை. வாங்கிக்கொண்டு போய் எல்லாவற்றையும் கழற்றி எறிந்து புதிதாக்க முன்னர், யார் திருத்தினார்கள், எந்த வருடம் எதற்காக மாற்றினார்கள் என்று கேளுங்கள். கேட்டு எழுதி வையுங்கள். சொல்லக்கூடிய மெக்கானிக்மார் பலர் எழுபதைத் தாண்டிவிட்டார்கள்.

2022இல் எரிபொருள் வரிசையும் கியூஆர் அட்டையும் வந்தபோது நாடு முழுக்கத் திகைத்தது. யாழ்ப்பாணத்துக் கறாஜ்களில் பழைய ஆட்கள் திகைக்கவில்லை. அதே வருடம் ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானபோது மயிலிட்டியில் படகுகள் கரையில் ஏறின. அப்படியான நாளில் என்ன செய்வது என்ற அறிவு எந்தப் புத்தகத்திலும் இல்லை. அது அந்தக் கிழட்டு மெக்கானிக்மாரின் கையிலும் உங்கள் முற்றத்துக் காரின் பொனற்றுக்குக் கீழேயும் இருக்கிறது. கார் லொறியில் ஏறித் தெற்கே போகும்போது அந்த அறிவும் ஏறிப் போகிறது.

ஆகவே மூன்று தரப்பிடம் மூன்று விடயம் கேட்கிறேன். வலிகாமம் வடக்குப் பிரதேச சபையிடம்: மண்ணெண்ணெயில் ஓடிய ஒரு ஒஸ்ரினை, அதன் சேலைன் போத்தலும் குழாயும் உள்ளபடியே வாங்கி, மக்கள் பார்க்கும் இடத்தில் வையுங்கள். அதோடு ஒரு தட்டிவானும் இருந்தால் இன்னும் நல்லது. கிளிநொச்சியிலுள்ள யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்திடமும் யாழ்ப்பாணத் தொழில்நுட்பக் கல்லூரியிடமும்: மாணவர்களைக் கறாஜ்களுக்கு அனுப்பி, இந்தத் திருத்தங்களை அளந்து வரைந்து பதிவு செய்யச் சொல்லுங்கள். பட்டறிவைப் பாடமாக்க இதை விட நல்ல இடம் கிடையாது.

உங்களிடம் கேட்பது மிகச் சின்னது. காரை விற்க முன்னர் ஒரு தாள் எடுங்கள். வாங்கிய வருடம், ஓட்டியவர்கள், இடம்பெயர்ந்த ஊர்கள், எந்த எண்ணெயில் ஓடியது, எந்த என்ஜின் எப்போது ஏறியது, யார் ஒட்டினார், எங்கே உக்கியிருக்கிறது எல்லாவற்றையும் எழுதுங்கள். இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் காரோடு கொடுங்கள், மற்றதை வீட்டில் வையுங்கள். பிறகு நல்ல விலைக்கு நிம்மதியாக விற்றுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவனான கறாஜ்காரன்,
மயிலிட்டி.